நீ வெளியே காத்திராத சனிக்கிழமை

என் பிரியமுள்ள கிரேஸ் அக்காவுக்கு,

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. டைபாய்டு உன்னை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று நம் பம்பாய் லேபர் கேம்ப் குடியிருப்பில் யாரும் நினைக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ தையல் கடையிலிருந்து பிந்தி வந்தாலே பாத்திரத்தை வீசியவள், நீ யாரோடாவது சிரித்துப் பேசினால் என்னை விட்டுவிட்டாய் என்று கையைக் கிழித்துக்கொண்டவள், இப்போது என்ன செய்வாளோ என்று. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. சோறு வைத்தார்கள், தின்றேன். இந்த உடம்பு வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். முன்பெல்லாம் டிராமில், ஊரில் டிராம் ஓடுவதே நின்றுபோன பிறகு பஸ்ஸில், எப்போதும் நீதானே கூட்டிக்கொண்டுபோவாய். அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பாய். “உள்ள என்னதாம்ட்டி பேசுதிய?” என்று கேட்பாய். நான் சொன்னதில்லை. என்னைப் போன்ற பெண்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து பம்பாய் இந்தியில் பேசுவோம். ஒருத்தி கோபப்பட்டாலும் மற்றவர்கள் எழுந்து ஓடக் கூடாது. அதற்கே எனக்கு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா?

செவ்வாய்க்கிழமைகளில் டாக்டரம்மாவிடம் நான் மட்டும் பேசுவேன். சீமையில் படித்துவந்தவர், மாட்டுங்காவில் இருக்கும் தமிழ்க்காரர். இந்தச் சீக்குக்கு என்ன பெயர் என்று நீ ஒருமுறை அவரிடம் கேட்டாய். “பைத்தியம்னும் சொல்ல முடியாது, வெறும் நரம்புத் தளர்ச்சின்னும் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் நடுவுல, எல்லையில நிக்கறா” என்றார். திரும்பி வரும்போது நீ வழியெல்லாம் பேசவே இல்லை. என்ன நினைத்தாய் அக்கா?

அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் சொன்னேன்: என் அக்கா செத்துவிட்டாள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பரேலிலிருந்து வரும் கங்காபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “உன்னை இத்தனை நாள் சுமந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா?” என்று என்னைக் கேட்டாள். முன்பென்றால் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்திருப்பேன். உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே அழுதாள். டாக்டரம்மா என்னிடம், “துக்கம் எல்லாருக்கும் அழுகையா வராது, சாராள். அவசரப்படாதே” என்றார்.

வீட்டுக்கு வந்தால் அத்தான் டிரங்குப் பெட்டியில் என் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உன் மகள் ரூபி உன் சேலையைப் பிடித்தபடி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நீ ஊருக்குப் போயிரு தாயி. அம்மை பாத்துக்கிடுவா. ரூபிய உங்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போவ எனக்குப் பயமா இருக்கு.”

நான் பழைய சாராளாக இருந்திருந்தால், நேற்றுவரை தெய்வமாக இருந்தவர் அந்த நொடியே என் கண்ணுக்குச் சாத்தான் ஆகியிருப்பார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தான்” என்றேன். “பிள்ளைய எங்கிட்ட தனியா விடாண்டாம். ஆனா நான் போகல. ஊர்ல இந்த மாதிரி டாக்டர் கெடையாது. அக்கா இம்புட்டு நாள் கூட்டிட்டுப் போனது பாதியில விடுததுக்கா?”

அவர் பெட்டியை மூடினார். பிறகு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். துணிகளை வெளியே எடுக்கவில்லை.

ரூபியைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து ஊரான கல்யாணிலிருந்து அத்தானின் அக்காள் வந்திருக்கிறார். என்னோடு அளந்துதான் பேசுகிறார். எனக்குக் கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன். அங்கே ஒன்றுமில்லை. நீயும் இல்லை. துக்கமாகவாவது எப்போது வருவாய்?

இனி ஒருநாளும் என்னைக் காயப்படுத்திக்கொள்ள மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை அக்கா. ஆனால் அப்படித் தோன்றினால், கையில் எதையும் எடுப்பதற்கு முன் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுவேன். அத்தானிடமாவது, கங்காபாயிடமாவது. அதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்த தங்கை,
சாராள்