உன் உடம்புக்குள் நான் அனுப்பிய படை

அண்ணே,

மயூர் விஹாரில் ஜனவரி வெயில் வந்துவிட்டது. நம் குடியிருப்புப் பூங்காவில் கிழக்கு டெல்லி மொத்தமும் முதுகைக் காட்டிக்கொண்டு வடகம் மாதிரி காய்கிறது. எல்லார் மடியிலும் ஆரஞ்சுத் தோல். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே என் கால்கள் தாமாக வேப்பமர நிழலுக்கு நடந்துவிட்டன. உன் தோலுக்கு வெயில் ஆகாது என்றிருந்த காலத்தில், உனக்குத் துணையாக நிழலில் உட்கார்ந்து பழகிய கால்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அவற்றுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அலுப்பாக இருக்கிறது அண்ணே. யமுனையைப் பேச்சாலேயே வற்றவைத்த வாய் இது. இப்போது பால்காரரிடம் ‘அச்சா பையா’, அதாவது ‘சரிண்ணே’ என்று சொல்லவே மூச்சு வாங்குகிறது.

உனக்கு ரத்தப் புற்று, வேறொருவர் எலும்பு மஜ்ஜையின் செல்கள் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, பொருந்தும் ஆளைக் குடும்பத்துக்குள் தேடினார்கள். பிறந்ததிலிருந்து எறும்பைக்கூட ‘ஜி’ போட்டுக் கூப்பிட்ட உனக்கு, தெரு நாய்களோடும் வழக்கு வைத்திருந்த நான் பொருந்தினேன். பத்துப் பொருத்தம் பார்த்து முடித்த கல்யாணம்கூட அப்படி அமையாது. செல்கள் எலும்பை விட்டு ரத்தத்துக்கு இறங்க ஊசி போட்டார்கள். என் இடுப்புக்குள் சரக்கு ரயில் ஓடியது. பிறகு ஒரு கை வழியாக ரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சலித்து, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் ஒரு பை நிறைந்திருந்தது. பார்க்க நீர்த்த தக்காளி ரசம்.

“சோழர்கள் கடாரத்துக்கு அனுப்பின படையைவிடப் பெரிய படை இது” என்று உன் மகள் காவ்யாவிடம் மார்தட்டினேன்.

“கடாரம் கஹான் ஹை சித்தப்பா? நொய்டா பக்கமா?” என்றாள். டெல்லியில் பிறந்த பிள்ளை.

படை உன் எலும்புக்குள் குடியேறியது. உன் ரத்த வகையே மாறி என் வகையாயிற்று. எல்லாருக்கும் தலையாட்டிய நீ, பூங்காவில் சருகு எரித்த குடியிருப்புச் சங்கக் காரியதரிசியை ஒரு காலை வேளையில் ஹிந்தியில் வறுத்தெடுத்தாய். அதே ஹிந்தியில் முப்பது வருஷம் நீ வழி மட்டும்தான் கேட்டிருக்கிறாய்.

“அது என் ரத்தம் மதினி” என்றேன் பெருமையாக.

“அதான் பயமா இருக்கு, கொழுந்தனாரே” என்றார் மதினி.

அவர் பயந்தது நடந்தது. உன் கையில், முதுகில் சிவந்து தடித்தது. வாயும் கண்ணும் வறண்டன. டாக்டரம்மா விளக்கினார்: மஜ்ஜையிலிருந்து பிறக்கும் இந்தக் காவல் செல்கள் சொந்த உடம்பில் தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் உட்கார்ந்து கிருமியை விரட்டும், செத்ததைக் கூட்டிப் பெருக்கும், கிழிந்ததை மூட உதவும். எது சொந்தம், எது அந்நியம் என்று பார்ப்பதே அவற்றின் பிழைப்பு. என் செல்களுக்கு உன் உடம்பே அந்நியம். “தோடா ஜக்டா அச்சா ஹை” என்றார். கொஞ்சம் சண்டை நல்லதாம். ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் அவைதான் தேடிக் கொல்லும். மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார்.

நீ என்னை ‘சின்னவன்’ என்றுதான் கூப்பிடுவாய். அந்தத் தடிப்புக்கும் அதே பெயரை வைத்தாய். “ஏலே சின்னவனே, சும்மா கிடல” என்று உன் முழங்கையை அதட்டுவாய். மதினி களிம்பு தடவியபடியே, “இன்னிக்கு சின்னவன் முதுகுல ஏறிட்டான்” என்று போனில் எனக்கே சொல்வார். காவ்யா மட்டும், “சின்னவன் ஷாந்த் ஹை, நீங்க தூங்குங்க” என்று செய்தி அனுப்புவாள். எந்த மனிதனிடமும் தலை குனியாத நான், உன் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தத் தடிப்பிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். உனக்குத் தெரியாது.

பிறகு ஒரு பரிசோதனையில் புற்று மறுபடி எட்டிப் பார்த்தது. மாத்திரையைக் குறைத்து என் செல்களை அவிழ்த்துவிடலாம், அவை அதை அடக்கக்கூடும், ஆனால் உன் ஈரலையோ நுரையீரலையோ கடிக்கவும் கூடும், நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

“வேண்டாம்ணே. அவனுவளை எனக்குத் தெரியும். அவுத்துவிட்டா வீட்டையே இடிச்சிருவானுவ” என்றேன்.

நீ சிரித்தாய். “ஏலே, சின்ன வயசுல எனக்காக நீ போட்ட சண்டையில பாதி அடி எனக்குத்தான் விழுந்துது. அதுக்காக உன்னய வேண்டாம்னு சொன்னனா? அவுத்துவிடச் சொல்லு.”

அவிழ்த்துவிட்டார்கள். புற்று பின்வாங்கியது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கிடைத்தன. வறண்ட வாயோடு நீ மாம்பழம் தின்றாய், மதினியோடு சண்டை போட்டாய். தீபாவளிப் புகை இறங்கியபோது உனக்கு இருமல் தொடங்கியது. புகை ஒரு சாக்குதான்; என் செல்கள் கடித்துக் கடித்து நுரையீரலின் மெல்லிய குழாய்கள் இறுகிக்கொண்டே வந்தன. கடைசி அறிக்கையில் புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. மூச்சும் இல்லை. ஜெயித்தோம் என்று எந்த வாயால் சொல்வது?

யமுனைக் கரையில் உன்னை எரித்தபோது உனக்குள் ஓடி உறைந்திருந்தது என் ரத்தம். தன்னில் ஒரு பங்கைத் தானே தகனம் செய்துவிட்டு மெட்ரோ பிடித்து வீடு திரும்பியவன் ஈரேழு பதினாலு லோகத்திலும் நான் ஒருவன்தான். உன்னிடம் சொன்னால் குலுங்கிச் சிரித்திருப்பாய். காவ்யாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

போன வாரம் பேட்டரி ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். இன்று காலை பொருக்கு உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. அதே பயல்களின் கூட்டம்தான். கிருமியை விரட்டி, குப்பையை அள்ளி, எத்தனை பதவிசாக வேலை பார்த்திருக்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்தப் பதவிசை எங்க அண்ணன்கிட்ட காட்டியிருக்கக் கூடாதால?” என்று முழங்காலைப் பார்த்துக் கத்தினேன்.

கத்தி முடித்ததும் வெறும் அலுப்புதான் மிஞ்சியது. உன்னிடம் வந்தவர்களும் இந்த ஒரு வேலை மட்டுமே தெரிந்தவர்கள். வீடு மாறியதை அவர்களுக்குப் புரியவைக்க யாராலும் முடியவில்லை, என்னாலும்தான். மிச்சப் பேர் என் எலும்புக்குள் இருக்கிறார்கள். அவர்களைத் தண்டிக்க வழியில்லை, மனசும் இல்லை; நீ அவிழ்த்துவிடச் சொன்னவர்கள்.

புதுத்தோல் அரிக்கிறது அண்ணே. சொறியாமல் விட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் வேலையை முடிக்கட்டும்.