சிம்சிமுக்குப் பெரிய கூண்டு வேண்டாம்

ரம்ஸி அண்ணா,

தையற்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பில் ஃபூல் பயறு இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

நீ வாங்கிவந்த இரும்புக் கூண்டை மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். கோபப்படாதே. "வளர்ற குட்டிடி, தாராளமா இருக்கட்டும். உன்ன மாதிரி மூலையில முடங்கணுமா?" என்று சிரித்தாய். காரணத்தை இங்கே எழுதுகிறேன். இடம் அதிகமாக இருந்ததால்தான் சிம்சிம் ஒரு மூலையை நனைத்துவிட்டு மறுமூலையில் தூங்கியது. அந்த ஈரம் அப்பாவின் தொழுகைப் பாய்வரை ஓடிவிட்டது. படுக்கிற இடத்தை நாய்க்குட்டி எளிதில் நனைக்காது. ரொட்டிக்கடையில் கேட்டு வாங்கிய பேரீச்ச மட்டைப் பெட்டியில் விட்டிருக்கிறேன். திரும்பிப் படுக்க மட்டும் இடம் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போ.

"இன்னொரு தடவ ஈரத்தப் பார்த்தேன், தெருவுலதான் விடுவேன்" என்று அப்பா சொன்னாரே, அது விளையாட்டுக்கு இல்லை. தெருமுனையில் யாரோ விஷம் தடவிய இறைச்சி போட்டிருக்கிறார்கள். காலையில் இரண்டு நாய்கள் செத்துக் கிடந்தன.

நஜ்லா

அழுதால் பெட்டி இடுக்கில் விரலை விடு. கவ்விக்கொண்டே தூங்கிவிடும்.

இன்னொன்று. எப்படியும் தரை நனைந்துவிட்டால், போகிற அவசரத்தில் நான் வாளியைக் கவிழ்த்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல். என்னை அவர் தெருவில் விடமாட்டார்.