தூவாவின் பத்தியம்

வார்டோ, வியாழன்

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நாய்க்குட்டி தூவாவின் வயிறு சிவந்து முடி கொட்டியது. உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று மருத்துவர் மீனும் உருளைக்கிழங்கும் மட்டும் தரச் சொன்னார். சிவப்பு மங்கி, மறுபடி வந்தது. அடிக்கடி மேலே வரும் கீழ்வீட்டுப் பாட்டி குன்வோரிடம், ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் குடுக்கலையே. ஈரல் தடவின ரொட்டி ஒரு துண்டு. அதெல்லாம் சாப்பாட்டுல சேருமா, கண்ணு?"

சேரும் என்றேன். அதன்பின் அவர் மேலே வரவில்லை. என் கதவைத் தட்டுபவர் அவர் ஒருவர்தான். வேகவைத்த மீனை டப்பாவில் போட்டுக்கொண்டு நானே கீழே போனேன். இனி நீங்களே ஊட்டுங்கள் என்றேன்.

"உப்புகூட இல்லாமலா? பாவம்டி அது" என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

தோல் தெளிந்து வருகிறது. முழுக்கச் சரியாகிவிடும்.

மீன் உடையாமல் வேகவைப்பது எப்படி என்று எழுதுங்கள். இப்போது மாலையில் தூவாவையும் குன்வோரையும் சேர்த்து மூன்று பேருக்குச் சமைக்கிறேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

எயிரின்