உயிரோடு இருப்பவனுக்குக் கட்டிய பேனர்

அக்கரப்பத்தனை,
புதன்கிழமை.

அன்புத் தம்பி மதுரனுக்கு,

அக்கா ஜெயந்தினி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவோமே, இது அப்படி எழுதுகிற கடிதம் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாயா என்று நிஜமாகவே கேட்கிறேன். இருக்கிறாய் என்று உன் சிநேகிதன் திலக்ஷன் சத்தியம் செய்துதான் இந்தச் சென்னை விலாசத்தைக் கொடுத்தான்.

போன வெள்ளிக்கிழமை காலை நான் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் வெறுங்கூடையோடு திரும்பி வந்தார்கள். மழை இல்லை, ஸ்ட்ரைக்கும் இல்லை. அப்படியென்றால் தோட்டத்தில் சாவுதான். யார் வீட்டில் என்று வீரம்மாவிடம் கேட்டேன். அவள் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா அக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

ரோட்டோரம் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். பஸ் நிற்கிற சந்தியில் ஆளுயரப் பேனர். அதில் நீ. கண்ணீர் அஞ்சலி என்று மேலே, எங்கள் மண்ணின் இயக்குநர் என்று கீழே. பிறந்த தேதி சரியாக இருந்தது. இறந்த தேதி அன்றைக்கு முதல்நாள். மதுரா, அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. உன் கழுத்தில் இருந்த செவ்வந்தி மாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் படத்துக்காகக் கொட்டகலையில் நடந்த பாராட்டு விழாவுக்கு நான் கட்டிய மாலை அது. என் கையால் கட்டிய மாலையை உன் சாவுப் படத்தில் பார்க்க வைத்துவிட்டாயே.

நடந்தது இதுதான். சென்னையில் எவனோ ஒருத்தன் யூடியூபில், ஒரே படத்தோடு காணாமல் போன இயக்குநர்கள் என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறான். அதில் உன் முறை வரும்போது அந்த மாலைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பக்கத்தில் ஒரு விளக்கையும் எரியவிட்டிருக்கிறான். அந்தத் துண்டு மட்டும் சத்தமில்லாமல் ஹட்டனில் போன் கடை வைத்திருக்கும் கிஷாந்துக்கு வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் மாலையோடு முகம் வந்தால் நம் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? அழுதுகொண்டே போய்ப் பேனர் அடித்து, முதல் பஸ்ஸிலேயே கொண்டுவந்து கட்டிவிட்டான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவிடமும் சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்ததால் எங்களிடம் மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை. கிஷாந்தைத் திட்டாதே. உன் படத்துக்கு மலை உச்சி வரைக்கும் ஜெனரேட்டரைத் தோளில் சுமந்தவன் அவன்தான். திட்ட வேண்டுமென்றால் உன்னைத்தான் திட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிறகு உன் குரலை நாங்கள் கேட்கவில்லை. உன் நம்பரும் செத்துக் கிடந்தது. பொய்யா என்று யாரிடம் போய்க் கேட்பது?

நான் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மரண உதவிச் சங்கத்தார் கூடாரம் அடித்து நாற்காலி போட்டுவிட்டார்கள். அம்மா நடுவே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். எல்லாரும் எதற்குக் காத்திருந்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் படத்தில் கொழும்பிலிருந்து மகனின் பிணம் வரும்போது அம்மா வைத்த ஒப்பாரியைத்தான். படம் பார்த்த ஊரெல்லாம் அழுத ஒப்பாரி அது. ஆனால் அம்மா வாயைத் திறக்கவில்லை. படத்தில் அப்படி அழுத நாகலெட்சுமி சொந்த மகனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். அது அம்மா காதில் விழுந்துவிட்டது.

"அன்னைக்கு அவன் அழச் சொன்னான், அழுதேன். இன்னைக்கும் அவனே வந்து சொல்லட்டும், அழுறேன்" என்றார்.

மத்தியானம் சங்கத் தலைவர் வீரய்யா மாமா, தம்பிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று சொல்லி, கூடாரத்துக்குள் பெரிய டி.வி. வைத்து உன் படத்தைப் போட்டார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்துவிட்டது. உன் படத்தை இத்தனை பேர் சேர்ந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. பிணம் வருகிற இடம் வந்தது. டி.வி.யில் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறுகிறார். டி.வி.க்கு முன்னால் அதே அம்மா கையைக் கட்டிக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போனேன். அப்போதுதான் திலக்ஷன் போன் எடுத்தான்.

உன் கேமராக்காரனாக இருந்தவன் என்பதால் காலையிலிருந்து அவனைத்தான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவனும் பதறிவிட்டான். போன மாதம்கூட உன்னை வடபழனியில் பார்த்தானாம். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலையாம் உனக்கு. அடுத்த படம் எடுக்காமல் ஊர் முகத்தில் முழிக்க மாட்டேன், வீட்டுக்குச் சொல்லாதே என்று அவனிடம் சொன்னாயாம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துவிட்டாய் என்று கேட்டபோது வராத அழுகை, நீ இருக்கிறாய் என்று கேட்டதும் வந்தது. உன்னை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

கூடாரத்தில் போய்ச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் நம்பவில்லை. தோட்டத்து மேற்பிரிவிலிருந்து சாவுக்கு அடிக்க வந்த தப்புக்காரர்கள் அப்போதுதான் நெருப்பில் தப்பைக் காய்ச்சி முடித்திருந்தார்கள். காய்ச்சிய தப்பை அடிக்காமல் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, திருவிழா அடி அடித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு அந்த வீடியோவைச் சத்தத்தோடு முழுசாகக் கேட்டேன். ஒரு படம் எடுத்தார், சரக்கு தீர்ந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த லயத்தில் பிறந்தவர்களில் யார் ஒரு படமாவது எடுத்தார்கள்? ஒரு பிள்ளை பெற்றவளை மலடி என்று யாராவது சொல்வார்களா? அவன் சொன்னதை விட, நீயும் அதையே நம்பிக்கொண்டு ஒளிந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது படத்தோடு வா என்று இங்கே யாரும் உன்னிடம் கேட்கவில்லையே. கல்யாண வீடியோ வெட்டுவது என்ன களவா?

இப்போது என் கவலையெல்லாம் அம்மாதான். நீ உயிரோடு இருக்கிறாய் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "செத்துட்டான்னு சொன்னதும் நீங்கதான், இருக்கான்னு சொல்றதும் நீங்கதான். நான் யாரை நம்புறது?" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. அன்றிலிருந்து மலைக்குப் போகவில்லை. சோறு பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய் வாங்குகிறார். தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உடம்பில் ஒன்றுமில்லை, அழவிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். எப்படி அழவிடுவது என்று அவர் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

பேனரை எரித்துவிடலாம் என்றான் கிஷாந்த். உயிரோடு இருப்பவன் முகத்துக்கு நெருப்பு வைக்கக் கூடாது என்று வீரய்யா மாமா தடுத்துவிட்டார். சுருட்டிக் கூரைக்குக் கீழே அட்டலில் போட்டு வைத்திருக்கிறேன். நீயே வந்து உன் கையால் கிழித்துப் போடு.

வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. வெட்கமாக இருந்தால் என்னோடு பேசவும் வேண்டாம். என் நம்பர் மாறவில்லை. கூப்பிடு, நான் போனை அம்மா காதில் வைக்கிறேன். படம் எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, இப்ப அழுங்க" என்று சொல்வாயே, அதை மட்டும் ஒரு தடவை சொல்லு.

சாகாதவனுக்குச் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். நீ நூறு வயது இருப்பாய். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லையடா.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அக்கா ஜெயந்தினி