படத்தில் இல்லாத கூடு

மார்ச் 4
ஏரியின் நீர்மட்டத்தை வழக்கம்போல் அரசுப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கோரைக்குள் இறங்கினேன். இந்த ஏரியை விட்டால் வேறெங்கும் இல்லாத செங்கழுத்து நாரையின் கூடுகள் பதினொன்று. போன வருடம் நாற்பதுக்கு மேல். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தள்ளுகிறார்கள்; சுடாதே என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை.

மார்ச் 6
அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போட்டேன். கூடவே ஏரியின் படம் – எந்தக் கூடு எங்கே, முட்டை எத்தனை, எல்லாம் குறித்து. படித்தவர்கள், காவல் போடுவார்கள்.

அக்கா சிரித்தாள். "தெருக்குழாய்க்கு மூணு மனு போட்டோம். எவனாவது வந்தானா? நாரைக்கு வரப்போறானாக்கும்."

மார்ச் 19
வந்தார்கள். அருங்காட்சியகத்தில் பறவைத் தோலில் பஞ்சடைத்து நிறுத்துகிற ஊழியர், ஊருக்கே பஞ்சு அண்ணன். கையில் துப்பாக்கி. சட்டைப்பையில் என் படம்.

"அழியறதுக்குள்ள கண்ணாடிப் பெட்டியில வச்சிரணும்னு டைரக்டர் சொல்லிட்டாரு தம்பி. படம் சுத்தமா போட்டிருக்கே. ஒரு கூடு தப்பல."

துப்பாக்கியைப் பிடித்து இழுத்தேன். கூட வந்தவன் என்னைச் சேற்றில் தள்ளினான். "எந்தச் சட்டத்துல தடுக்கிற? காட்டு."

மார்ச் 20
பதினொன்றும் போயிற்று. முட்டையைக்கூட விடவில்லை.

நான்தானே வழி காட்டினேன்? வேற யாரு?

ஏப்ரல் 2
வடக்கு மூலையில் ஒரு கூடு. படம் போட்ட பிறகு கட்டியது. முட்டை இரண்டு. யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன ஆகும் என்றுதான் பார்த்தாயே.

ஏப்ரல் 11
பஞ்சு அண்ணன் ஒரு படிவத்தோடு வந்தார். பறவையைச் சுடத் தடை கேட்டு டைரக்டர் அரசுக்கு எழுதுகிறாராம். இப்போதாவது புத்தி வந்ததே.

"மிச்சம் எத்தனைன்னு போடு தம்பி. இருந்தாத்தான் சட்டம் கேக்க முடியும். இல்லாத பறவைக்கு எவன் சட்டம் போடுவான்?"

"சட்டம் எப்பண்ணே வரும்?"

"ரெண்டு வருஷம் ஆகலாம்."

"அதுவரைக்கும்?"

"குஞ்சு ஒரு ஜோடி கிடைச்சா பெட்டி நிறையும்னு டைரக்டர் சொல்லிக்கிட்டிருக்காரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நீர்மட்டத்தில் அரை அங்குலம்கூட நான் பொய் எழுதியதில்லை. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 8
அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் ஓர் அட்டை: 'அற்றுப்போன இனம்.' அதற்கு ஆதாரம் என் கையெழுத்து. தடை கேட்கும் மனு கைவிடப்பட்டதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்து வடக்கு மூலைக்குப் போனேன். கூடு காலி. சற்றுத் தள்ளி ஆழமில்லாத தண்ணீரில் நான்கு நாரைகள் மேய்ந்தன. இரண்டுக்குக் கழுத்து இன்னும் சிவக்கவில்லை.

இந்த நோட்டை அடுப்பில் போட வேண்டும்.