கந்தப்போடி மாஸ்டரின் பச்சைக் கோடு

பாலமுனை,
14.06.2009

மஜீட் அவர்களுக்கு ஸலாம்.

என் கணவர் மௌத்தாகி, அடக்கி ஐம்பது நாள். நான் இத்தாவில் இருப்பதால் அந்நிய ஆணுடன் நேரில் கதைக்க முடியாது, ஆகவே உங்கள் திருத்துக் கடைக்கு இந்தக் கடிதம். பெட்டியைக் கொண்டுவருவது என் தங்கை பாத்தும்மா. அவளிடம் எதையும் விளக்க வேண்டாம். பஸ் ஏறுமுன் மறந்துவிடுவாள்.

இது திருக்கோவில் கந்தப்போடி மாஸ்டரின் ஒசிலோஸ்கோப். மின் அலையைப் பச்சைக் கோடாகக் காட்டும். சுனாமிக்கு முந்திய மாதம் திருத்தத் தந்தார். தண்ணீர் வந்த அன்று என் கணவர் முதலில் கூரையில் ஏற்றியது இதைத்தான், பிறகுதான் என்னை. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன மாஸ்டர் இப்போது திரும்பியிருக்கிறார். நம்பி ஒப்படைத்த அமானத் பொருள், திருத்திக் கொடுத்தாக வேண்டும். உயர் மின்னழுத்த ட்ரான்ஸ்போமரில்தான் கோளாறு. பத்து நிமிடத்தில் கோடு ஊதிப் பெருத்து மறைகிறது. என் கணவர் அதன் சுருளை மூன்று முறை புதிதாகச் சுற்றியும் சரிவரவில்லை.

ஸாலிஹா ஆதம்பாவா

கல்முனை,
20.06.2009

அன்புள்ள ராத்தாவுக்கு வஅலைக்குமுஸ்ஸலாம்.

பெட்டி கிடைத்தது. "இதுக்குள்ள நாடகம் வருமா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பாத்தும்மா ராத்தா போனார்.

மௌத்தான ஆதம்பாவா காக்காவுக்கு வயது போயிருந்தது. கை நடுங்கிச் சுற்று எண்ணிக்கை பிசகியிருக்கும். மாஸ்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். குறை நினைக்க வேண்டாம்.

மஜீட்

பாலமுனை,
22.06.2009

மஜீட் அவர்களுக்கு,

குறை நினைக்கிறேன். போன நோன்புவரை என் ஊசிக்கு நூல் கோத்துத் தந்தது அந்தக் கைதான். அவிழ்த்து எண்ணுங்கள். எண்ணியபின் மாஸ்டரிடம் போய்ச் சொன்னதைத் திருப்பி வாங்குங்கள்.

ஸாலிஹா ஆதம்பாவா

கல்முனை,
03.07.2009

அன்புள்ள ராத்தாவுக்கு,

எண்ணினேன். ஆயிரத்துச் சொச்சம் சுற்று, ஒன்றும் பிசகவில்லை. மாப்புக் கேட்கிறேன்.

கோளாறு மெழுகில். சுருளில் ஈரம் ஏறாமலிருக்கத் தேன்மெழுகில் முக்குவோம். காக்கா முக்கியதைச் சுரண்டிச் சூடாக்கினால் நுரைக்கிறது. நாக்கில் வைத்தால் சவர்க்காரம்! அது ஈரத்தை இழுத்து, சூடேறியதும் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. காக்கா எதைக் கலந்தார்? தெரிந்தால்தான் மாஸ்டருக்கு விளக்கலாம்.

மஜீட்

பாலமுனை,
07.07.2009

மஜீட் அவர்களுக்கு,

அவர் எதையும் கலக்கவில்லை. மெழுகு உருக்கிக் கொடுப்பது என் வேலை.

சந்தையில் வாங்கியது கன்னங்கரேலென்று, தேனீக்களின் காலும் இறகுமாக இருந்தது. மட்டக்களப்பு கொன்வென்டில் படித்தவள் அதை அப்படியே அடுப்பில் வைப்பாளா? துருவி, சவர்க்காரம் போட்டு, வெந்நீரில் கழுவி வெளுக்க வைத்தேன். "இப்படிச் சுத்தமான மெழுகு கல்முனையிலயும் இல்ல" என்று மெச்சினார்.

அவர் மூன்று முறை சுற்றினார். நான் மூன்று முறை கழுவினேன்.

மூன்றாம் முறையும் கோடு மறைந்தபோது தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கை போயிட்டு போல" என்றார். "ஓம், கவனமாச் சுத்துங்க" என்றேன்.

இந்தக் கடிதத்தை மாஸ்டருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். கடையில் வேறு ஆட்கள் இருந்தால் இன்னும் நல்லது.

ஸாலிஹா