கதவு மாட்டாத கக்கூஸ்

6-8-87, வியாழன்

குழி இன்னிக்கு இடுப்பளவு வந்தது. அதுக்குக் கீழே பாறை. கொத்தனார் பாவாடை கடப்பாரையைப் போட்டுட்டு பீடி பத்த வச்சிக்கினு, "அக்கா, இது தோண்டற மண்ணு இல்ல, ஒடைக்கிற மண்ணு" என்கிறான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டு, அரிசிக் கணக்கு எழுதி, வெயிலில் நடந்து வந்து இவன் வாயையும் கேட்கணும். என் தலையெழுத்து.

கத்திரி நாத்து பாதி சுருண்டுபோச்சு. கல்வராயன் மலை மேல தினமும் மேகம் வந்து நிக்குது, கீழ எறங்க மனசு வரல அதுக்கு. பாத்திரம் கழுவின தண்ணியத்தான் பாத்திக்கு ஊத்தறேன். எம் பொண்ணு அஞ்சலாட்சி பிரசவத்துக்கு வந்தா பத்தியத்துக்குப் பிஞ்சுக் கத்திரிக்கா வேணும், முருங்கக்கீரை வேணும். எல்லாம் கொல்லையிலேயே இருக்கணும்னு ஒரு ஆசை.

என் வீட்டுக்காரர் கேக்கறார்: "ஏரிக்கரை இருக்கறப்ப கக்கூஸ் இன்னாத்துக்கு ராணி?" போன வருஷம் அஞ்சு மாச வயித்தோட இங்க வந்திருந்தப்ப, விடியறதுக்கு முன்னால அந்த ஏரிக்கரையிலதான் என் பொண்ணு வழுக்கி விழுந்தா. அந்தப் பிள்ளை தங்கல. இந்த மனுஷனுக்கு அது மறந்தேபோச்சா?

9-8-87

முதுகு விட்டுப்போச்சு. ஒண்ணும் எழுதத் தோணல.

14-8-87, வெள்ளி

கள்ளக்குறிச்சி போய் கவுஸ் பாஷா கடையில் பழைய கதவு ஒண்ணு பார்த்தேன். இடிச்ச வீட்டுச் சாமானெல்லாம் அவர்கிட்டதான் வரும். வேப்பமரக் கதவு, அடியில கொஞ்சம் அரிச்சிருக்கு. "அடிய அறுத்துட்டு தகரம் அடிச்சிக்கோங்க அம்மா, உங்க பேரப்புள்ள கல்யாணம் வரிக்கும் நிக்கும்" என்றார். வியாபாரப் பேச்சுதான். ஆனாலும் பேரப்புள்ளன்னு சொன்னதும் பேரம் பேச வாய் வரல. பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். கண்டக்டர் மொறைச்சான், மொறைக்கட்டும்.

பாறைய ஒடைச்சி, குழிக்கு சிமெண்ட் உறை எறக்கியாச்சு. சுவர் தோளுக்கு வந்திருக்கு. செங்கல்லெல்லாம் பழசு, ஒண்ணு பெரிசு ஒண்ணு சிறுசு. பார்க்க லட்சணமா இல்ல. அதனால என்ன?

23-8-87, ஞாயிறு

மருமகன் வேடியப்பன் மணலூர்பேட்டையிலிருந்து தனியா வந்தார். வந்தவர் உட்காராம நின்னுக்கினே, "அத்தே, எங்கம்மா கோச்சிக்கினு இருக்குது" என்றார்.

விஷயம் இதுதான். நான் கட்டற சேதி சம்மந்தி காசியம்மாள் காதுக்குப் போயிருக்கு. வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு வர்ற வூட்ல மண்ணத் தோண்டக்கூடாது, வாசல் நெலை நிறுத்தக்கூடாதாம். அனுப்பவே மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். "ஏற்கனவே ஒண்ணு போச்சு இல்லிங்களா" என்றார், காலைப் பார்த்துக்கினு.

"அது ஏரிக்கரையில போச்சு மாப்ள. அதுக்குத்தான இத கட்டறேன்?"

அவர் பாவம். மோர் குடிச்சிட்டுக் கிளம்பிட்டார். அந்த சாஸ்திரம் எனக்கும் தெரியாததில்ல. ஆனா அவ இருக்கறது மணலூர்பேட்டையில, குழி இருக்கறது இங்க வடக்கனந்தல்ல. அது ஒட்டாதுன்னு நினைச்சேன்.

24-8-87

நிறுத்துங்கறாங்க. ஆரம்பிச்சதப் பாதியில நிறுத்தினா இன்னும் ஆகாதுங்கறாங்க. தெருவுல ஆளுக்கு ஒரு பேச்சு. பாவாடை மட்டும், "எதுனாலும் சொல்லுங்கக்கா, கட்டறதும் நான்தான் மூடறதும் நான்தான்" என்றான்.

நிறுத்திட்டேன். கூரை இல்ல, கதவு இல்ல. கதவு முருங்கமரத்துல சாஞ்சிக்கினு நிக்குது. அதப் பார்த்தா எரிச்சலா வருது.

2-9-87, புதன்

மழை எறங்கிச்சு, ஒரே ஒரு நாள். கத்திரியில ரெண்டு பூ. சுரைக்கொடிக்கு மலையிலேர்ந்து வந்த மூங்கில்ல பந்தல் கட்டினேன். கொடி அதுல ஏறாம அந்த மொட்டைச் சுவத்துல ஏறுது. ஏறிட்டுப் போ. நீயாச்சும் அனுபவி.

13-9-87, ஞாயிறு

மணலூர்பேட்டையில் வளைகாப்பு. கட்டுசோறு ஆக்கி, வளையல் வாங்கி, விடியக்காலை பஸ் புடிச்சி, மூணு பஸ் மாறிப் போனோம். அஞ்சலாட்சி முகம் வெளுத்திருக்கு. என் கைய புடிச்சவ விடல. "அம்மா, எனக்கு நம்ம வூடுதாம்மா" என்று காதுல சொன்னா. எல்லார் எதிரிலும் அழுதுட்டேன், வெக்கமில்லாம.

காசியம்மாள் அதைப் பார்த்தாங்க. மனசு கல்லு இல்ல அவங்களுக்கு. பயம்தான் ஜாஸ்தி. கடைசியில் இறங்கி வந்தாங்க: "ஆள் யாரும் அந்த சுவரத் தொடக்கூடாது. குழிமேல பலகக்கல்லு போட்டு மூடணும். வெள்ளிக்கிழம நல்லா இருக்குது, வந்து அழச்சிக்கினு போங்க." கக்கூஸ் இல்லாட்டி என்ன, கொல்லையில ஒரு மூலைய நாலு பக்கமும் சேலையக் கட்டி மறைச்சி நானே காவல் நிப்பேன்.

வரும்போது பஸ்ஸில் எல்லாரும் வியாழக்கிழமை மறியலைப் பத்தியே பேசறாங்க. நம்ம சாதிச் சங்கத்துக்காரங்க படிப்புக்கும் வேலைக்கும் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போறாங்களாம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அதெல்லாம் மெயின் ரோட்டுல. நம்ம பக்கம் எவன் வரப்போறான்?" என்றார்.

17-9-87, வியாழன்

எவனும் வரல. இவரே போயிட்டார்.

காலையில கோடாலிய எடுத்துக்கினு கிளம்பினார். வெறகுக்குன்னு நினைச்சேன். பள்ளிக்கூடம் மூடிட்டாங்கன்னு திரும்பி வர்றப்ப பார்க்கறேன், ரோட்டோரப் புளியமரம் குறுக்கே கெடக்கு. பக்கத்துல வேர்த்து ஒழுக இவர் நிக்கறார். சுத்தி ஊர்ப் பயலுக.

வீட்டுக்கு வந்தப்ப கேட்டேன். யோவ், உனக்கு அறிவிருக்கா, நாளைக்கு எம் பொண்ணு எந்த வழியா வருவான்னு. ஆமா, யோவ்னுதான் கேட்டேன். "பொறக்கப்போற புள்ளைக்குத்தான்டி. படிச்சிட்டு நம்மள மாதிரி மண்ணக் கிண்டாம ஒரு ஆபீஸ்ல குந்தணுமா வேணாமா?" என்கிறார். கண்ணெல்லாம் செவந்திருக்கு. பொய்யும் சொல்லல. நல்லா படிச்ச எத்தனை புள்ளைங்க இந்த ஊர்ல கரும்பு வெட்டுதுங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் புள்ள மொதல்ல வந்து சேர வேணாமா?

18-9-87

பஸ் இல்ல. வெள்ளிக்கிழமை போச்சு.

19-9-87

எங்கெங்கயோ மறியல்காரங்கள போலீஸ் சுட்டுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. இவர் இன்னிக்கு ரோட்டுக்குப் போகல. கொல்லையில உட்கார்ந்து சும்மா களை புடுங்கினார்.

23-9-87, புதன். மணலூர்பேட்டை

இப்பத்தான் எழுத முடியுது.

ஞாயித்துக்கிழமை மதியம் வேடியப்பன் சைக்கிளில் வந்து விழுந்தார். முழங்காலெல்லாம் ரத்தம். "காலையிலேர்ந்து வலி, அத்தே. உங்களத்தான் கேட்டுக்கினு இருக்குது." நாள் இன்னும் இருக்குதே, இப்ப எப்படி? கேக்க நேரமில்ல. மாப்ள முன்னால திரும்பிட்டார்; இவர் எங்க சைக்கிளை எடுத்தார், நான் பின்னால ஏறிக்கிட்டேன். மரம் வர்ற இடத்திலெல்லாம் எறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சி, மறுபடி ஏறி. முதல் மரமே அந்தப் புளியமரம்தான்.

கிளையில மாட்டிக்கினு சைக்கிள் வரமாட்டேங்குது. இவர் இழுக்கறார், இழுக்கறார், வரல. அப்படியே மரத்துமேல உட்கார்ந்து தலையில அடிச்சிக்கிட்டார். திட்டறதுக்கு நாலு நாளா வார்த்தை சேத்து வச்சிருந்தேன். "எழுந்திருங்க, நேரமாவுது" என்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம், வந்தது. சங்கராபுரம் தாண்டி மறியல்ல நின்ன பசங்க முதல்ல மறிச்சானுங்க. இவர் அழுத அழுகையைப் பார்த்து அவனுங்களே சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தானுங்க.

வந்து சேர்ந்தது மறுநாள் பொழுது ஏறி. பொண்ணு பொறந்து ஒரு ராத்திரி ஆகியிருக்கு. ஆஸ்பத்திரிக்கு வண்டி போக வழியில்லாம, பக்கத்துத் தெரு நர்சம்மாவைக் கூட்டிவந்து, காசியம்மாள் கூடவே இருந்திருக்காங்க. அஞ்சலாட்சி என்னைப் பார்த்து, "அத்த கையத்தாம்மா புடிச்சிக்கினு இருந்தேன்" என்றாள். நல்லதுதான். ஆனா வயித்தெரிச்சலா இருந்தது, மறைக்க என்ன இருக்கு. எம் பொண்ணு கத்தினப்ப நான் எவனோ வெட்டின மரத்துல ஏறி எறங்கிக்கினு இருந்தேன்.

காசியம்மாள் என் காலைப் பார்த்துட்டு வெந்நீர் கொண்டுவந்து வச்சாங்க. அவங்களும் அழுதாங்க. "வளைகாப்பு அன்னைக்கே அனுப்பி இருக்கணும் சம்மந்தி. நான்தான் பயந்துட்டேன்." நல்லபடியா பொறந்துடுச்சி, வுடுங்கன்னு சொன்னேன்.

இவர் பேத்தியைத் தூக்கவே இல்ல. வாசல்லயே நிக்கறார். கையெல்லாம் காப்பு காச்சியிருக்காம், குழந்தைக்குக் குத்துமாம்.

29-9-87

ஊருக்கு வந்தாச்சு. பஸ் ஓடுது. முப்பது நாள் கழிஞ்சதும் அஞ்சலாட்சியை அனுப்பறேன்னு காசியம்மாளே சொன்னாங்க. "இனிமே நீங்க எந்த மண்ணத் தோண்டினாலும் தோஷமில்ல. சீக்கிரம் கட்டி முடிங்க" என்றார்கள். கத்திரி நல்லா புடிச்சிருக்கு. பத்தியத்துக்குப் பறிச்சிக் கொடுத்தனுப்பினேன்.

7-10-87, புதன்

பாவாடை கூரைக்கு ஷீட்டு போட்டான். இவர் கதவு அடியை அறுத்துத் தகரம் அடிச்சார். யாரும் சொல்லல, அவரே செய்தார். மாட்டியாச்சு. தாழ்ப்பாள் ரொம்ப இறுக்கம், பச்ச உடம்புக்காரி இழுக்க முடியாது. தேங்காயெண்ணெ விட்டு, உள்ள போய் நானே தொறந்து மூடிப் பழக்கிக்கினு இருந்தேன். வெளியில இவர், "போதுமா ராணி, இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று எண்ணெக் கிண்ணத்தோட நின்னுக்கினு இருந்தார்.